கார்நிறுத்துமிடம் காத்திருப்பு அறையான காலம்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ‘சர்க்கிட் பிரேக்கர்’ எனப்பட்ட நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கியிருந்தது. உங்களில் பலர் அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பாடம் படித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கக்கூட இடமில்லாத சிராங்கூன் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. இரவு பகல் பாராமல் திறந்திருந்த முஸ்தஃபா சென்டர் அந்த மாதத் தொடக்கத்திலேயே மூடப்பட்டது.

அப்படிப்பட்ட ஒரு நாளில், தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் ஒரு நாய் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சோறு வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாமே பாட்டிதான். அதன் உடம்பில் என்ன மாற்றம் என்பதும் பாட்டிக்கு மட்டுமே தெரியும். ஆனால் பாட்டிக்கு எழுபது வயது. தமிழைத் தவிர வேறு மொழி பேச வராது. வெளியே அழைத்துச் சென்றால் பாட்டிக்கு ஆபத்து. வீட்டிலேயே வைத்திருந்தால் நாய்க்கு ஆபத்து. என்ன செய்வது?

இதே கேள்வி மறுபக்கத்திலும் இருந்தது. விலங்கு மருந்தகத்தில் வேலை செய்யும் மருத்துவரும் தாதியும், வருகிற ஒவ்வொருவரிடமிருந்தும் தங்களை எப்படிக் காத்துக்கொள்வது? தங்களிடமிருந்து அவர்களை எப்படிக் காப்பது? அந்தச் சிறிய மருந்தகங்கள் கண்டுபிடித்த விடைகள், எந்த வேலையிடத்துக்கும் பொருந்தும் பாடங்கள்.

ஒத்திவைக்க முடிந்ததும் முடியாததும்

சிங்கப்பூரில் ஏப்ரல் 7ஆம் தேதி முதல் ஜூன் 1ஆம் தேதி வரை பெரும்பாலான வேலையிடங்கள் மூடப்பட்டன. விலங்கு மருத்துவம் அத்தியாவசியச் சேவைகளின் பட்டியலில் இருந்ததால் மருந்தகங்கள் திறந்திருந்தன. ஆனால் வழக்கமான எல்லாச் சிகிச்சைகளுக்கும் அனுமதி இல்லை. அவசரமற்றவற்றைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது.

எது அவசரம்? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்தால் ஓரிரு நாள்களில் அதன் உயிரே போகலாம். பெரிய நாயின் வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரம்தான் அவகாசம். இவை காத்திருக்கா. கருத்தடை அறுவை சிகிச்சை, பல் சுத்தம் செய்தல், ஆண்டுக்கொரு முறை செய்யும் பரிசோதனை ஆகியவை காத்திருக்கலாம்.

இடையில் சில சங்கடமானவையும் உண்டு. நாய்க்குட்டிக்குப் போட வேண்டிய தடுப்பூசியைப் பல வாரம் தள்ளிப்போட்டால், பார்வோ கிருமி தொற்றி அது இறந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு கிருமியிலிருந்து மனிதரைக் காக்கப் போய், இன்னொரு கிருமிக்குக் குட்டியைப் பலிகொடுக்கக்கூடாது. ஆகவே தொலைபேசியை எடுப்பவரின் முதல் வேலை, இந்த விலங்கு இன்றே வர வேண்டுமா, அடுத்த வாரம் வரலாமா, வராமலேயே ஆலோசனை சொன்னால் போதுமா என்று பிரித்தறிவது. மருந்தகத்தின் முதல் பாதுகாப்பு அரண் அந்தத் தொலைபேசி உரையாடல்தான். தேவையில்லாத ஒரு வருகை குறைந்தால், அதனால் வரக்கூடிய ஆபத்து முழுவதுமாக இல்லாமல் போகிறது.

ஒரு சின்ன அறை, நான்கு பேர்

விலங்கு மருந்தகம் ஒன்றின் பரிசோதனை அறைக்குள் போயிருக்கிறீர்களா? பெரும்பாலும் வீட்டுப் படுக்கையறை அளவுதான் இருக்கும். நடுவில் ஒரு மேசை. நாயைத் தூக்கிவரும் இருவர், மருத்துவர், தாதி என நான்கு பேர் அதைச் சுற்றி நிற்பார்கள். கதவு மூடியிருக்கும், திறந்திருந்தால் நாய் ஓடிவிடும்.

கொவிட்-19 கிருமி பரவுவதற்கு இதைவிட வசதியான சூழல் தேவையில்லை: மூடிய அறை, நெருக்கமாக மனிதர்கள், இடைவிடாத பேச்சு. சிகிச்சை நீள நீள ஆபத்தும் கூடும்.

பாதுகாப்பு இடைவெளி விட்டு நின்றால் என்ன என்று கேட்கலாம். பயந்துபோன பூனையின் காலில் ஊசி போட, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர் ஊசி போட வேண்டும். இருவரின் முகங்களுக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. மனிதரைப்போல் “அசையாமல் இருங்கள்” என்று பூனையிடம் சொல்ல முடியாதே. மருத்துவருக்கும் தாதிக்கும் இடையிலான நெருக்கம் தவிர்க்க முடியாதது. தவிர்க்க முடிந்தது, உரிமையாளர் அந்த அறைக்குள் வருவதை மட்டும்தான்.

கதவைத் தாண்டாத வருகை

அப்படித்தான் உலகின் பல நகரங்களில் ‘வாசலோரச் சிகிச்சை’ முறை பரவியது. அது நடக்கும் விதம் இதுதான்.

முன்பதிவு இல்லாமல் யாரும் வருவதில்லை. பதிவு செய்யும்போதே வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கிறதா, யாராவது தனிமைப்படுத்தல் உத்தரவில் இருக்கிறார்களா என்று கேட்கப்படும். இருந்தால், நோயற்ற வேறொருவர் விலங்கைக் கொண்டுவர வேண்டும். அவசரம் இல்லையென்றால் நாள் மாற்றித் தரப்படும். அவசரமென்றால் அந்த நாளின் கடைசி நேரம் ஒதுக்கப்படும். பிறகு அறையை முழுமையாகச் சுத்தம் செய்துவிடலாம், அடுத்து வருபவர் யாருமில்லை.

வந்து சேர்ந்ததும் உரிமையாளர் காரிலோ வெளியிலோ இருந்தபடி தொலைபேசியில் அழைப்பார். முகக்கவசம் அணிந்த தாதி ஒருவர் வெளியே வந்து, கூண்டைத் தரையில் வைக்கச் சொல்லி, உரிமையாளர் விலகி நின்ற பிறகு எடுத்துச்செல்வார். நாயாக இருந்தால் மருந்தகத்தின் கயிற்றை மாட்டி, வீட்டுக் கயிற்றை உரிமையாளரிடமே விட்டுவிடுவார். பல கைகள் தொட்ட பொருள் ஒன்று உள்ளே வராது. நாய் கைமாறும் கணத்தில் நழுவி ஓடுவதையும் இது தடுக்கும்.

உள்ளே பரிசோதனை நடக்கும்போது மருத்துவர் தொலைபேசியில் கேள்வி கேட்பார். எப்போது கடைசியாகச் சாப்பிட்டது? வாந்தி என்ன நிறம்? தேவைப்பட்டால் உரிமையாளர் வீட்டில் எடுத்த காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கட்டணத்தைப் பேநவ் மூலம் செலுத்தலாம். கையெழுத்து வேண்டிய ஒப்புதல் படிவம்கூட மின்னஞ்சலில் போய்வரும்.

2020 ஏப்ரல் 14ஆம் தேதி முதல் வீட்டைவிட்டு வெளியே வருவோர் முகக்கவசம் அணிவது கட்டாயமானது. மே 12ஆம் தேதி முதல் சேஃப்என்ட்ரி பதிவும் சேர்ந்துகொண்டது. இவை நாடு முழுவதற்குமான விதிகள். கயிற்றை மாற்றுவதும் கூண்டைத் தரையில் வைப்பதும் மருந்தகங்கள் தங்கள் வேலையின் நெளிவுசுளிவு அறிந்து சேர்த்துக்கொண்டவை.

ஒருவர் விழுந்தால் எல்லாரும் விழாதிருக்க

கதவுக்கு உள்ளே இருந்த ஆபத்து வேறு வகை. ஊழியர் ஒருவருக்குக் கிருமித்தொற்று உறுதியானால், அவருடன் நெருங்கிப் பழகியவர்கள் 14 நாள் தனிமைப்படுத்தப்பட வேண்டிய நிலை அப்போது இருந்தது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் மருந்தகத்தில் எல்லாருமே நெருங்கிப் பழகியவர்கள்தான். ஒருவருக்கு வந்தால் மருந்தகமே இரண்டு வாரம் மூடிக் கிடக்கும்.

விடை, அணி பிரித்தல். ஊழியர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து வெவ்வேறு நாள்களில் அல்லது வேளைகளில் வேலை செய்வார்கள். இரண்டு அணிகளும் சந்திப்பதே இல்லை. ஓர் அணி முடித்துச் சுத்தம் செய்துவிட்டுப் போன பிறகே அடுத்த அணி வரும். ஒரே மருத்துவருடன் ஒரே தாதி தொடர்ந்து வேலை செய்வார். சாப்பாட்டு நேரத்தில்தான் முகக்கவசம் கழற்றப்படும் என்பதால் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிடுவார்கள். சேர்ந்து உட்கார்ந்து பேசிச் சாப்பிடும் இன்பம் போனது, மருந்தகம் திறந்திருந்தது.

சோப்புக்குப் பணியும் கிருமி

சுத்தம் செய்வதில் விலங்கு மருந்தகங்கள் மற்றவர்களைவிட ஒரு படி முன்னே இருந்தன. நாய்களைத் தாக்கும் பார்வோ கிருமிக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் அது தரையிலும் மண்ணிலும் பல மாதம் உயிர்ப்புடன் கிடக்கும். கை கழுவும் ஆல்கஹால் திரவத்துக்கு எளிதில் மசியாது. அதை அழிக்க, சரியான அளவில் கரைத்த குளோரின் போன்ற வலுவான கிருமிநாசினி வேண்டும். இந்தக் கிருமியோடு பல ஆண்டு போராடியவர்களுக்குத் தரையைத் துடைப்பது எப்படி என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொவிட்-19 கிருமி அவ்வகையில் பலவீனமானது. அதைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பும் ஆல்கஹாலும் அந்த உறையைக் கரைத்துவிடும். உறை போனால் கிருமி செயலிழக்கும். வேதியியல் வகுப்பில் படித்த மூலக்கூறு வேலை செய்யும் இடம் இது. ஆனால் தெளித்த உடனே துடைத்துவிட்டால் பயனில்லை. கிருமிநாசினி மேற்பரப்பில் சற்று நேரம் ஈரமாக இருக்க வேண்டும்.

அந்நாள்களில் சிலர் பயத்தில் தங்கள் நாயின் பாதங்களையே கிருமிநாசினியால் துடைத்தனர். அது தவறு. குளோரினும் ஆல்கஹாலும் விலங்கின் தோலைப் புண்ணாக்கும். அது நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். நடைக்குப் போய்வந்த நாயின் பாதத்துக்குத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும்.

ஒரு தும்மல் கற்பித்த பாடம்

இத்தனை செய்தும் ஓர் ஓட்டை மிஞ்சலாம் என்பதற்கு நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் மாதம், தாய்லாந்தின் தெற்கே சோங்க்லா மாநிலத்தில் நடந்தது இது.

கொவிட்-19 தொற்றிய தந்தையும் மகனும் பேங்காக்கிலிருந்து சிகிச்சைக்காக அங்கு கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய பூனையும் கூடவே வந்தது. பூனையைப் பரிசோதித்த விலங்கு மருத்துவர், அதன் மூக்கிலிருந்து மாதிரி எடுத்தார். அப்போது பூனை அவர் முகத்துக்கு நேராகத் தும்மியது. அவர் கையுறை அணிந்திருந்தார். என்95 முகக்கவசமும் அணிந்திருந்தார். கண்களை மறைக்க எதுவும் இல்லை.

சில நாளில் மருத்துவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. பரிசோதனையில் கிருமித்தொற்று உறுதியானது. பூனை, அதன் உரிமையாளர்கள், மருத்துவர் ஆகியோரின் மாதிரிகளிலிருந்த கிருமியின் மரபணு வரிசைகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது அவை ஒத்துப்போயின. பூனையிடமிருந்து மனிதருக்குக் கொவிட்-19 தொற்றியதாகச் சான்றுகளுடன் பதிவான முதல் சம்பவம் அது. 2022இல் அந்த ஆய்வு வெளியானது.

இதைப் படித்துவிட்டுப் பூனையைக் கண்டு யாரும் பயப்படத் தேவையில்லை. இப்படி நடப்பது மிக அரிது. கொவிட்-19 பரவலில் பெரும்பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியதுதான். ஆனால் விலங்கு மருத்துவருக்கு இதில் ஒரு தெளிவான பாடம் உண்டு: தொற்று இருக்கலாம் எனத் தெரிந்த வீட்டிலிருந்து வரும் விலங்கைத் தொடும்போது கண்களையும் மறைக்க வேண்டும்.

யாரிடமிருந்து யாருக்கு?

எதிர்த்திசையில் நடந்தவை அதிகம். 2021 நவம்பரில் நம் நைட் சஃபாரியில் நான்கு ஆசியச் சிங்கங்களுக்குக் கொவிட்-19 தொற்று உறுதியானது. இருமின, தும்மின, சோர்ந்து படுத்தன. கிருமித்தொற்றுக்கு ஆளாகியிருந்த ஊழியர்களுடன் அவற்றுக்குத் தொடர்பு இருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னை வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3ஆம் தேதி இறந்துபோனது.

ஆகவே மருந்தகத்தின் பாதுகாப்பு விதிகள் மூன்று தரப்புக்கானவை: வருபவர், வேலை செய்பவர், மேசைமேல் படுத்திருக்கும் வாயில்லா உயிர். தாதி அணியும் முகக்கவசம் அந்த மூவரையும் காக்கிறது.

விதிகளின் விலை

இனி தேக்கா பாட்டியிடம் வருவோம். நாயைக் கொண்டுசெல்வது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேரன். பாட்டி வீட்டிலேயே இருக்கிறார். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை பாட்டியிடம்தான் இருக்கிறது. பேரன் ஒரு காதில் மருத்துவரையும் மறு காதில் பாட்டியையும் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறான். “மூணு நாளா தண்ணிதான் நிறையக் குடிக்குது” என்று பாட்டி சொன்னதை அவன் விட்டுவிட்டால், மருத்துவர் ஒரு முக்கியத் தடயத்தை இழக்கிறார். அதிகமாகத் தண்ணீர் குடிப்பது சிறுநீரகக் கோளாறுக்கோ நீரிழிவுக்கோ அறிகுறியாக இருக்கலாம்.

உரிமையாளர் அறைக்குள் இருந்தால், அவர் முகம் பார்த்தே மருத்துவர் பலவற்றைப் புரிந்துகொள்வார். தொலைபேசியில் அது கிடைக்காது. அதனால் ஒரு நோயாளிக்கு ஆகும் நேரம் நீண்டது. தொலைபேசி மணி ஓயவில்லை. வெளியே வெயிலில் காத்திருந்தவர்களின் பொறுமை குறைந்தது. அந்தக் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டவர் பெரும்பாலும் முன்மேசையில் இருந்த இளம் ஊழியர்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது விடைபெறுதல். பதினைந்து ஆண்டு கூடவே இருந்த நாய்க்கு இனிச் சிகிச்சை பலனளிக்காது, வலியின்றிக் கண்மூட ஊசி போடுவதே கருணை என்ற நிலை வரும்போது, உரிமையாளரைக் கார்நிறுத்துமிடத்திலேயே நிற்கச் சொல்வதா? உலகெங்கும் பல மருந்தகங்கள் இந்த ஒரு வேளைக்கு மட்டும் விதியைத் தளர்த்தின. குடும்பத்தில் ஒருவர் மட்டும் முகக்கவசத்துடன் உள்ளே வரலாம். அல்லது காற்றோட்டமான வெளியிடத்தில் எல்லாரும் சற்று விலகி நின்று விடைகொடுக்கலாம். ஊசிக்கான குழாயைத் தாதி முன்கூட்டியே உள்ளே பொருத்திவிடுவார். அதனால் மருத்துவர் உரிமையாளரின் அருகில் நிற்க வேண்டிய நேரம் குறையும். அவர் தம் செல்லத்தின் தலையைத் தடவிக்கொண்டிருக்க முடியும்.

இது விதியை மீறியதாகாது. எந்த இடத்தில் ஆபத்தை ஏற்பது தகும் என்று யோசித்து, அந்த ஆபத்தையும் முடிந்தவரை சிறிதாக்கிய ஏற்பாடு அது.

முகக்கவசம் ஏன் கடைசி?

வேலையிடப் பாதுகாப்பைப் படிப்பவர்களுக்கு ஓர் ஏணி தெரிந்திருக்கும். முதலில் ஆபத்தை நீக்கு. முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறொன்றை அதன் இடத்தில் வை. பிறகு தடுப்பு, காற்றோட்டம் போன்றவற்றால் ஆபத்தை மனிதரிடமிருந்து பிரி. அடுத்து வேலை முறையை மாற்று. கடைசியாகத்தான் கையுறையும் முகக்கவசமும். ஏணியில் கீழே போகப் போக, பாதுகாப்பு மனிதரின் கவனத்தை நம்பியிருக்கிறது. மனிதர் களைத்துப்போவார், மறந்துபோவார்.

மேலே சொன்னவற்றை இதில் பொருத்திப் பாருங்கள். தேவையற்ற வருகையை ஒத்திவைத்தது நீக்குதல். நேரில் பார்ப்பதற்குப் பதில் காணொளியில் ஆலோசனை சொன்னது மாற்றுதல். உரிமையாளரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதும் சன்னலைத் திறந்துவைத்ததும் பிரித்தல். அணி பிரித்ததும் முன்பதிவும் வேலை முறை. அதற்குப் பிறகே முகக்கவசம். அந்தக் கடைசிப் படியில் மட்டும் நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் சோங்க்லா பூனையின் தும்மல் காட்டியது.

எருமைகளின் பெயர் தாங்கிய ஊர்

தேக்காவுக்கு மலாய் மொழியில் ‘கண்டாங் கெர்பாவ்’ என்று ஒரு பெயர் உண்டு. எருமைக் கொட்டில் என்று பொருள். கேகே மருத்துவமனையின் பெயர் அங்கிருந்துதான் வந்தது. பஃப்ளோ சாலை, கெர்பாவ் சாலை, லெம்பு சாலை எல்லாமே ஒரு காலத்தில் அங்கே செழித்த மாட்டு வணிகத்தின் எச்சங்கள். மாடுகளோடு வாழ்ந்த இந்தியர்கள் அந்த வட்டாரத்தை உருவாக்கினார்கள். மனிதரின் நலமும் விலங்கின் நலமும் ஒரே தெருவில் குடியிருந்த இடம் அது.

1999 மார்ச்சில் சிங்கப்பூரின் பன்றி அறுப்புக்கூடத்தில் வேலை செய்தவர்களில் 11 பேருக்கு நிப்பா கிருமி தொற்றியது, ஒருவர் இறந்தார். விலங்குகளிலிருந்து வரும் நோயை முதலில் சந்திப்பவர்கள் விலங்குகளோடு வேலை செய்பவர்கள்தான் என்பதை அது நினைவூட்டியது. மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலமும் ஒன்றே என்னும் ‘ஒரே நலம்’ கோட்பாடு இன்று உலகச் சுகாதார நிறுவனம் வரை பேசப்படுகிறது.

இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்குத் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விலங்கு மருத்துவத் தொழில்நுட்பப் பட்டயப்படிப்பு இருக்கிறது. மருத்துவராக விரும்புவோர் ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளுக்குச் சென்று பட்டம் பெறுகிறார்கள். இங்கு தொழில் செய்ய, தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவின் உரிமம் வேண்டும். விலங்குகள்மீது அன்பு இருந்தால் மட்டும் போதாது. மனிதரிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் பேசத் தெரிந்தவருக்குத் தேக்கா பாட்டியிடம் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

நீங்கள் செய்யக்கூடியவை

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சில பழக்கங்கள் சாதாரண நாளிலும் பயன்படும்.

உங்களுக்குக் காய்ச்சல், இருமல் இருந்தால் செல்லப்பிராணியை மருந்தகத்துக்கு நீங்கள் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் வேறொருவரை அனுப்புங்கள். உடல்நலம் தேறும்வரை அதைக் கொஞ்சுவதையும் முத்தமிடுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

போகும் முன்பே விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதிருந்து, என்ன சாப்பிட்டது, என்ன மருந்து கொடுத்தீர்கள். அதை அன்றாடம் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு எழுதுங்கள். இருமலோ நொண்டலோ இருந்தால் காணொளி எடுத்துவையுங்கள். மருந்தகத்தில் பயத்தில் விலங்கு அதைக் காட்டாமல் போகலாம்.

நாயையும் பூனையையும் சிறு வயதிலேயே கூண்டுக்குப் பழக்குங்கள். கூண்டுக்குள் அமைதியாக இருக்கும் விலங்கைக் கைமாற்றுவது எல்லாருக்கும் பாதுகாப்பு.

காத்திருக்கச் சொன்னால், சொன்ன ஊழியரிடம் கோபிக்காதீர்கள். உள்ளே இருக்கும் உயிர் உங்களுடையதைவிட அவசரமான நிலையில் இருக்கலாம்.

2020இல் கார்நிறுத்துமிடத்தில் நின்ற அந்தப் பேரன், மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அரை மணி நேரம் கழித்துத் தாதி கூண்டோடு வெளியே வந்து, தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று, எத்தனை வேளை மருந்து கொடுக்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லியிருப்பார். முகக்கவசத்துக்குமேல் அவர் கண்கள் மட்டுமே தெரிந்திருக்கும். பேரன் உடனே வீட்டுக்கு அழைத்துச் சொல்லியிருப்பான்: “பாட்டி, வந்துட்டோம். கஞ்சி வச்சிடுங்க.”